டிபி மாத்திரை இரண்டு முறை முடிந்தும் இருமல் போகவில்லை: பட்டறைத் தூசிதான் காரணம் என்று எப்படிக் கண்டறிவது?

கேள்வி: "அப்பாவுக்கு 51 வயது. ஓசூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் இருபது ஆண்டுக்கு மேலாகக் கல் அறுப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் செய்கிறார். மூன்று ஆண்டாக இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு டிபி என்று சொல்லி இரண்டு முறை ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. இது வேலையால் வந்த நோயாக இருக்குமா? எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும்? வேலையால் வந்தது என்று எழுதித் தருவார்களா? சித்தப்பாவும் அதே பட்டறையில்தான் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை."

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் சிலிக்கோசிஸாக, அதாவது கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் நோயாக, இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. நெஞ்சக மருத்துவம் படித்த யாருக்கும் வர வேண்டும். ஆனால் எந்த டெஸ்ட் என்ற கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படித் தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. ரத்தத்தை எடுத்துக் கொடுத்தால் "பட்டறைத் தூசி, இத்தனை அளவு" என்று அச்சடித்துத் தரும் லேப் எங்கும் இல்லை. எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் நுரையீரலில் என்ன இருக்கிறது என்று காட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதை அப்பாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உங்கள் கதையில் எனக்குத் தெரியும் முதல் குறை.

இத்தாலியில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அதில் எழுதினார். முந்நூறு ஆண்டு தாண்டிவிட்டது. நம் ஓ.பி. சீட்டில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதி நேரம் அது காலியாக இருக்கும், மீதி நேரம் "கூலி" என்று எழுதியிருக்கும். காலையிலிருந்து நூறு பேரைப் பார்க்கும் டாக்டரைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்காருங்கள். முதல் வேலையிலிருந்து தொடங்குங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், யாரிடம், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று வரிசையாக எழுதுங்கள். கிரானைட் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் கிரஷரிலோ குவாரியிலோ இருந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஜல்லிக் கிரஷர், கிணறு தோண்டுதல், குவாரியில் கம்ப்ரசர் வைத்துத் துளை போடுதல், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி, மணலைப் பீய்ச்சியடித்துத் துரு நீக்கும் வேலை இவற்றில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர்கள், "அது அப்போ, கொஞ்ச நாள்" என்று தள்ளிவிடுவார்கள். நுரையீரல் அதையும் கணக்கில் வைத்திருக்கும்.

பிறகு கிரானைட் பட்டறைக்குள் வாருங்கள். "கிரானைட் பட்டறையில் வேலை" என்ற ஒரு வரியை வைத்து எந்த டாக்டரும் எதையும் தீர்மானிக்க முடியாது. பெரிய பிளேடில் பிளாக்கை அறுக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தூசி சேறாகி வடிந்துவிடும். அதே கூரையின் கீழே ஓரத்தை உருட்டுவதற்கும், மூலையை வெட்டுவதற்கும், சிங்க்குக்கு ஓட்டை போடுவதற்கும் கையில் கிரைண்டரை எடுத்தால் அங்கே பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. வெள்ளையாகப் புகை மாதிரி எழும். அறுப்பவர் குனிந்து பார்த்துக்கொண்டே வேலை செய்வதால் அவர் முகம் அதிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். ஆக, அப்பா ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கை கிரைண்டர் பிடித்தார் என்பதுதான் முக்கியமான கேள்வி. வீடுகளுக்குப் போய் சமையலறை மேடை பொருத்தும் வேலையும் செய்திருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். பட்டறையாவது நான்கு பக்கமும் திறந்து கிடக்கும். அங்கே நடப்பதோ சன்னல் சாத்திய அறை. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று கதவையும் மூடிக்கொண்டு அறுப்பார்கள்.

இன்னும் சில கேள்விகள். சாயங்காலம் தரையைத் தண்ணீர் தெளித்துக் கூட்டுவார்களா, உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவார்களா? உடம்பிலும் சட்டையிலும் இருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதிக்கொள்வார்களா? (இதை எல்லாப் பட்டறையிலும் செய்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சுக்குள் போவது கொஞ்சநஞ்சமல்ல.) அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருவாரா? யார் துவைப்பது? அவர் அறுக்காத நேரத்திலும் பக்கத்தில் வேறு யாராவது அறுத்துக்கொண்டிருந்தார்களா? மாஸ்க் போட்டாரா, துண்டைக் கட்டிக்கொண்டாரா?

துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத துகள். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால், காற்றறைவரை போய்ச் சேரும் துகள் 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கும், பெரும்பாலும் 5-க்கும் கீழே. துணியின் இழை இடைவெளி அதற்கு ஒரு வாசல் மாதிரி. அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த அளவில் காற்று சுத்தமாகத்தான் தெரியும்.

என்ன கல் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். இதைப் பெரும்பாலான டாக்டர்களே கேட்பதில்லை. தீங்கு செய்வது கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகச் சிலிக்கா. சாம்பல், வெள்ளை, சிவப்பு நிறக் கிரானைட்டில் அது ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கும். கடையில் "கருப்பு கிரானைட்" என்று விற்பது புவியியல்படி பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ வகைக் கல். அதில் குவார்ட்ஸ் மிகவும் குறைவு. மார்பிளிலும் குறைவு. மணற்கல்லில் முக்கால் பங்குக்கு மேலேயே இருக்கும். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது "குவார்ட்ஸ் ஸ்லாப்" என்று இப்போது மாடுலர் கிச்சன்களுக்குப் போடும் செயற்கைக் கல். கல்மாவைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் இதை வெட்டிய இளைஞர்கள் வரிசையாகச் சிலிக்கோசிஸ் வந்து விழுந்தார்கள். அந்த நாடு 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. உங்கள் அப்பா இருபது ஆண்டும் கருப்புக் கல்லை மட்டுமே தண்ணீர் விட்டு அறுத்திருந்தால் என் சந்தேகம் பாதியாகக் குறையும். கடைசி ஐந்து ஆண்டு செயற்கைக் கல்லைக் கை கிரைண்டரில் அறுத்திருந்தால் இரண்டு மடங்காகும்.

ஆண்டுக் கணக்கு ஏன் வேண்டும் என்றால், இந்த நோய் மூன்று வேகத்தில் வருகிறது. சாதாரணமாகப் பத்து ஆண்டுக்கு மேல் தூசியில் இருந்த பிறகு மெல்லத் தலைகாட்டும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் வந்துவிடும். மிகக் கடுமையாக இருந்தால் சில மாதங்களிலேயே ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31-இல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வெட்டினார்கள். பாறை ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. உலர்வாகவே துளை போட்டார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். அவர்கள் மூச்சுத் திணறிச் செத்தபோது கம்பெனி டாக்டர்கள் நிமோனியா என்றார்கள், "டனலைட்டிஸ்" என்று இல்லாத ஒரு நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். கம்பெனி ஒப்புக்கொண்ட சாவு 109. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது 476. பின்னாளில் ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் போட்ட கணக்கு 764. பெயரை மாற்றி எழுதினால் ஒரு நோயை எவ்வளவு எளிதாகக் காணாமல் ஆக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் ஊரில் அப்படி யாரும் திட்டமிட்டு மறைப்பதாக நான் சொல்லவில்லை. இங்கே வேறு கதை. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதும், சானடோரியத்தில் கிடக்க வேண்டாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே சென்னை சேத்துப்பட்டு ஆய்வு மையம்தான். அந்த ஊரில் படித்து வந்த எங்களுக்கு, நுரையீரலின் மேல்பகுதியில் எதைப் பார்த்தாலும் டிபி என்றே முதலில் தோன்றும். அது தவறும் அல்ல. பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு அது டிபியாகவே இருக்கும். மீதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சிலிக்கோசிஸும் மேல்பகுதியைத்தான் முதலில் பிடிக்கும், இருமல் வரும், இளைப்பு வரும், உடம்பு மெலியும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிலிக்கோசிஸில் மேல் பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கடுகு அளவிலும் அதற்குச் சற்றுப் பெரிதாகவும், ஓரம் தெளிந்த சின்னச் சின்னப் புள்ளிகள் தெளித்திருக்கும். டிபி பொதுவாக ஒரு பக்கம் கூடுதலாக, ஓரம் மங்கலான திட்டாக, சில நேரம் நடுவில் பொத்தலாக இருக்கும். நுரையீரலின் நடுவேர்ப் பகுதியில் நிணநீர்க் கட்டிகளின் ஓரம் மட்டும் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு போலத் தெரிந்தால் சிலிக்காவின் பக்கம் தட்டு நன்றாகச் சாயும். நாள்பட்டால் சின்னப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளாகும். அந்தக் கட்டத்தில் டிபியோ புற்றுநோயோ என்ற குழப்பம் நியாயமானதுதான்.

இந்தப் புள்ளிகளை எப்படி எண்ணுவது, எப்படிப் பதிவு செய்வது என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த ஜோகன்னஸ்பர்க்கில் 1930-இல் கூடிய மாநாட்டில் தொடங்கியது அது. 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும் வட்டப் புள்ளி "பி", 3 வரை "க்யூ", 10 வரை "ஆர்". எவ்வளவு அடர்த்தி என்பதற்கு 0 முதல் 3 வரை, ஒவ்வொன்றிலும் மூன்று உட்படிகள். டாக்டர் தன் கையில் இருக்கும் படத்தை ஐஎல்ஓவின் மாதிரிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். இதில் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் கொஞ்சம் பேர்தான். ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டில் "பழைய காசநோய்த் தழும்பு" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவது இதனால்தான். அந்த ரிப்போர்ட்டைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமாகவோ குறுந்தகடாகவோ, படம் கையில் இருக்க வேண்டும்.

பழைய எக்ஸ்ரேக்கள் உங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் அவை ஒரு புதிய சிடி ஸ்கேனை விட மதிப்புள்ளவை. டிபி என்றால் மாதக் கணக்கில் மாறும், மருந்துக்கு அடங்கும் அல்லது பரவும். சிலிக்கோசிஸ் மருந்துக்கு எந்தப் பதிலும் சொல்லாது. மூன்று ஆண்டுப் படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தால், இரண்டு கோர்ஸ் மாத்திரைக்கும் அசையாத புள்ளிகள் தாமே கதை சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் டிபி இல்லை" என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிலிக்கா நுரையீரலின் காவல் அணுக்களைக் கொல்கிறது. காசநோய்க் கிருமியை விழுங்கி அடக்கி வைப்பவையும் அதே அணுக்கள்தான். ஆகவே சிலிக்கோசிஸ் வந்தவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதற்கு சிலிக்கோ-டியூபர்குலோசிஸ் என்று தனிப் பெயரே உண்டு. அப்படி இருந்தால் வழக்கமான மாதங்களைவிடக் கூடுதலாக மருந்து கொடுப்பதும் உண்டு. இப்போது அப்பாவுக்குச் செய்ய வேண்டியது: சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதோடு நிற்காமல், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் கேளுங்கள். சளி வரவில்லை என்றால் உப்புநீர் ஆவி கொடுத்து வரவழைக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்தும் எடுக்கலாம். இவை எல்லாவற்றிலும் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவு வியர்வை இல்லை, படமும் மாறவில்லை என்றால் மூன்றாவது முறையும் டிபி மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் டாக்டர் யோசித்தாக வேண்டும்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் எடுப்பார்கள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய அது வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் அது முழுக்கச் சரியாகவே இருக்கலாம், அதனால் "ஊதுவது நன்றாக இருக்கிறது, நோய் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புகைபிடிப்பவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பீடி ஒரு தனிக் கேடு, ஆனால் வட்டப் புள்ளிகளை அது உண்டாக்காது. விரல் நுனி தடித்து நகம் வளைந்திருந்தால் டாக்டர் வேறு நோயையும் தேடுவார், ஏனென்றால் சிலிக்கோசிஸில் அது அவ்வளவாக வருவதில்லை. சார்காய்டோசிஸ், புறாத் தூசியால் வரும் அலர்ஜி, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்று இதே மாதிரி படம் காட்டும் வேறு சிலவும் உண்டு.

நுரையீரலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வேண்டாம். போதுமான அளவு தூசியில் வேலை பார்த்திருக்கிறார், படம் அதற்கு ஒத்துப்போகிறது, இதைவிடப் பொருத்தமான வேறு காரணம் இல்லை. இந்த மூன்றும் இருந்தால் நோயை உறுதிசெய்யலாம் என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட நடைமுறை. மூன்றில் முதலாவதை லேப் தராது, அப்பாவின் நோட்டுதான் தரும். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் அதைப் பற்றி எழுதினேன்.

உங்கள் கேள்வி சிலிக்காவைப் பற்றியது என்றாலும், வேறு வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாத் தொழில்நோயும் இப்படி மெதுவாக வருவதில்லை, எல்லாவற்றையும் எக்ஸ்ரேயில் பிடிக்கவும் முடியாது. நூற்பாலையில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருப்பவருக்குப் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது. வாரவிடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், வாரம் போகப் போகத் தளரும். அந்த முதல் நாள் ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்தால்தான் அகப்படும். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஆள் நன்றாக இருப்பார். பேக்கரி மாவு, ஸ்ப்ரே பெயிண்ட், மரத்தூள் இவற்றால் வரும் ஆஸ்துமாவுக்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாயை வாங்கிக்கொண்டு, நாளைக்கு நான்கு முறையாவது ஊதி, இரண்டு மூன்று வாரம் எழுதி வைக்க வேண்டும். லீவு நாட்களும் அதில் இருக்க வேண்டும். வேலை நாளில் இறங்கி லீவில் ஏறும் கோடுதான் அங்கே சாட்சி. உங்கள் அப்பாவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு இருக்காது. "லீவு போட்டாலும் குறையவில்லையே, அப்படியானால் வேலை காரணமில்லை" என்று யாராவது வாதிட்டால், சிலிக்கோசிஸ் என்பது தழும்பு, தழும்புக்கு லீவு கிடையாது என்று சொல்லுங்கள்.

உலோகங்களில் நேரம் இன்னும் கறார். பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் வேலை செய்பவரின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தால், வேலையை விட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். எலும்பில் மட்டும் பல ஆண்டு தங்கும். பாதரசம் உடம்பிலிருந்து பாதி வெளியேற இரண்டு மாதம் போதும். கொடைக்கானலில் 1983-இல் தொடங்கிய தெர்மோமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். நடுவில் ஓடிய ஆண்டுகளில் யாருடைய சிறுநீரைச் சோதித்திருந்தாலும், ஆலையில் அவர் உடம்பில் ஏறிய பாதரசம் எவ்வளவு என்று அது சொல்லியிருக்காது. இப்படிப்பட்ட வேலைகளில் இருப்பவர்கள், வேலையில் இருக்கும்போதே ரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்து அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மீண்டும் உங்கள் பட்டறைக்கு. நோட்டில் கடைசியாக ஒரு பக்கம் ஒதுக்கி, அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். யாருக்கு இருமல், யார் டிபி மாத்திரை சாப்பிட்டார்கள், யார் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள், யார் இறந்தார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரல் அழியும் அரிய நோய் இருப்பது 2000-இல் தெரியவந்தது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் தனித்தனி டாக்டரிடம் போய், ஆஸ்துமா, நிமோனியா என்று தனித்தனிப் பெயர்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரையும் ஒரே பட்டியலில் எழுதிய பிறகுதான் வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டையசெட்டில் என்ற பொருளின்மேல் கண் விழுந்தது. ஒரு பட்டறையில் நாலு பேருக்கு "டிபி" என்றால், டிபி தொற்றும் என்பதும் ஒரு விளக்கம்தான். ஆனால் நாலு பேருக்கும் சளியில் கிருமி இல்லை என்றால் அந்த விளக்கம் நிற்காது.

இனி சான்றிதழ். இந்தியச் சட்டத்தில் சிலிக்கோசிஸுக்கு இடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலாக இருந்தது. அதில் சிலிக்கோசிஸ் இருந்தது. ஆலையை நடத்துபவருக்கு மட்டுமல்ல, அந்த நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்கும் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமையை 89-ஆம் பிரிவு வைத்திருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஈஎஸ்ஐ சட்டத்திலும் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக சிலிக்கோசிஸும் சிலிக்கோ-டியூபர்குலோசிஸும் சேர்ந்தே வந்தன. இந்தச் சட்டங்களைத் திரட்டி 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பரில் இவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்தன, அவற்றிலும் அதே பட்டியல்கள் இருக்கின்றன. பழைய முறையில் குவாரி என்றால் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தது, பட்டறை என்றால் தொழிற்சாலைச் சட்டம். இரண்டிலும் வேலை பார்த்திருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்தாலும் உரிமை போய்விடாது.

நடைமுறையில் டாக்டர் எழுதத் தயங்குவார். கோர்ட்டுக்கு அலைய வேண்டிவருமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அவரிடம் "முதலாளியால் வந்தது என்று எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள், அது அவர் வேலை அல்ல. இத்தனை ஆண்டு சிலிக்காத் தூசியில் வேலை பார்த்த வரலாறு இருக்கிறது, எக்ஸ்ரே தோற்றம் அதற்கு ஒத்துப்போகிறது, டிபிக்கான சோதனைகளில் கிருமி இல்லை என்ற மூன்றையும் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதச் சொல்லுங்கள். அவை உண்மை, எழுதுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. ஈஎஸ்ஐ பிடித்திருந்தால் ஈஎஸ்ஐ வழியாகவே போங்கள். சென்னை கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் தொழில்நோய்களுக்கான மையம் இருக்கிறது. ஈஎஸ்ஐ இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக மருத்துவப் பிரிவு, அல்லது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசமாகக் கிடைக்கும். இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே நோய் உறுதியானதும் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்.

வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். சம்பளச் சீட்டு இருக்காது என்று எனக்குத் தெரியும். பிஎஃப் எண், ஈஎஸ்ஐ அட்டை, நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கில் வந்த பணம், பட்டறையில் ஆயுதபூஜைக்கு எடுத்த போட்டோ, உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ராஜஸ்தானில் மணற்கல் சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019-இல் இதற்கென்றே கொள்கை வகுத்தார்கள். அரசு மருத்துவக் குழு சிலிக்கோசிஸ் என்று சான்றளித்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். யாரிடம் வேலை பார்த்தார் என்று காகிதம் காட்ட முடியாதவருக்கும் பணம் போய்ச்சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். விழுந்த தழும்பை மாற்றும் மருந்து இல்லை. தூசியை விட வேண்டும், பீடியை விட வேண்டும், நிமோனியா தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் போட வேண்டும், ஆண்டுக்கொரு முறை படமும் சளிச் சோதனையும் எடுக்க வேண்டும். உள்ளே அடங்கிக் கிடக்கும் டிபி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் அது கிளம்பாமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலையை விட்ட பிறகும் நோய் கொஞ்சம் முன்னேறலாம் என்பதையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் "விட்டும் குறையவில்லை" என்று திரும்பப் பட்டறைக்கே போய்விடுவார்.

கேள்வியின் கடைசி வரியில், உங்கள் சித்தப்பாவும் அதே பட்டறையில்தான் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றும் இல்லை என்றால் இருமல் இல்லை என்று அர்த்தம். புள்ளிகள் விழுந்து பல ஆண்டு கழித்துத்தான் இருமலே வரும். அப்பாவை அழைத்துப் போகும் அன்றே அவருக்கும் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு நோட்டு போடுங்கள்.